ஓட்டர்களும் அரசியல் வார்த்தைகளும்



இந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று நண்பர்கள் கேட்டுக்கொண்டபோது, கடவுளைப் பற்றியோ ஜாதியைப் பற்றியோ நான் பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். இன்று நான் பேசப் போவது சில வார்த்தைகளைப் பற்றி. ஓட்டு, மந்திரி, பெரும்பான்மை, டெபாசிட், நியமனம், தனித்தொகுதி, கிராம சபை என்கின்ற இவைகளைத் தினந்தோறும் பத்திரிகையில் பார்க்கிறோம், டீக்கடையில் பேசுகிறோம், அர்த்தம் என்னவென்று மாத்திரம் கேட்பதில்லை. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடமாயிற்றே, இதற்கென்று ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

கல்யாண வீட்டில் புரோகிதர் மந்திரம் சொல்கிறார். மாப்பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது, பணம் செலவழிக்கிற தகப்பனாருக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாததனால்தான் அந்த மந்திரத்துக்கு மதிப்பு. அதனால்தான் புரோகிதருக்குத் தட்சணை. இது நமக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் அரசியலிலும் இதே மாதிரி ஒரு மந்திரமும், அதற்கென்று ஒரு புரோகிதக் கூட்டமும் உண்டாகி இருப்பதை நாம் கவனிப்பதில்லை. மனு எழுதப் போனால் ஒரு தரகர், பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் ஒரு தரகர், ஓட்டுச் சாவடிக்குப் போனால் "நான் சொல்கிற இடத்தில் அமுக்கு" என்பதற்கு ஒரு தரகர். வார்த்தையின் அர்த்தம் நமக்குத் தெரியாத வரையில் இந்தத் தரகருக்கு வேலை போகாது.

நான் காலேஜில் படித்தவனல்ல. பத்திரிகையும் ஓர் அகராதியும்தான் எனக்கு வாத்தியார். அப்படிப் படித்ததில் எனக்கு ஒரு வழி அகப்பட்டது. எந்த அரசியல் வார்த்தையைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைப் போட வேண்டும். இதில் அதிகாரம் யாருக்கு? அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் யார்? அதைத் திரும்பப் பிடுங்கக் கூடியவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அந்த வார்த்தை உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் நீங்கள் அந்த வார்த்தைக்குச் சொந்தமாகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் மந்திரி என்பதை எடுத்துக்கொள்வோம். மந்திரி வருகிறார் என்றால் தோரணம் என்ன, மேளம் என்ன, காலில் விழுவதென்ன! இங்கிலீஷில் மந்திரிக்கு மினிஸ்டர் என்று பெயர். அந்த மினிஸ்டர் என்பது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேலைக்காரன் என்று அர்த்தம். வேலைக்காரன் வரும்போது எஜமானன் எழுந்து நின்று மாலை போட்டுக் காலில் விழுகிற விந்தையை வேறு எந்தத் தொழிலிலாவது பார்த்ததுண்டா? வேட்பாளரை முன்காலத்தில் அபேட்சகர் என்று சொல்வோம். இரண்டு வார்த்தைக்கும் விரும்புகிறவர், வேண்டுகிறவர் என்றுதான் பொருள். இங்கிலீஷில் கேண்டிடேட் என்பார்கள். ரோமாபுரியில் பதவிக்கு நிற்கிறவர்கள் சலவை செய்த வெள்ளை அங்கி தரித்துக்கொண்டு ஜனங்களைப் பார்க்க வருவார்களாம். வெள்ளை உடுத்தவன் என்பதே கேண்டிடேட் என்பதன் அர்த்தம். இரண்டாயிரம் வருஷமாகியும் அந்த வெள்ளைச் சட்டை மாத்திரம் மாறவில்லை! சட்டை வெளுப்பாயிருக்கிறது சரி. கை வெளுப்பாயிருக்கிறதா என்று பார்க்கத்தான் நமக்கு ஓட்டு இருக்கிறது.

நிற்க, அந்த ஓட்டு என்கிற வார்த்தைக்கு வருவோம். வோட் என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கும் லத்தீன்தான் தாய். அங்கே அது தெய்வத்திற்குச் செய்துகொள்ளும் பிரார்த்தனையை, நம் ஊர் நேர்த்திக்கடன் மாதிரியான ஒன்றைக் குறித்தது. நம்மில் அநேகர் இன்னமும் அதை நேர்த்திக்கடனாகத்தான் பாவிக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கொருதரம் உண்டியலில் போட்டுவிட்டுக் கும்பிட்டுத் திரும்புவது. பிறகு வரம் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று இருப்பது. தமிழிலோ ஓட்டு என்றால் வண்டி ஓட்டுவது என்றும் ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டர் என்பவர் வண்டியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்க வேண்டியவர். ஆனால் நடப்பதென்ன? தேர்தலன்று ஒரு நாள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் அவரையே நுகத்தடியில் பூட்டிவிடுகிறார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இதற்குச் சட்டத்திலுள்ள பெயர் அன்பளிப்புமல்ல, தேர்தல் செலவுமல்ல, லஞ்சம் என்பதே. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஒரு வருஷம் வரையில் சிறைத் தண்டனை உண்டு. பணத்தைக் கொடுக்கும்போது கற்பூரத்தின் மேலும், சாமி படத்தின் மேலும், பெற்ற பிள்ளையின் தலை மேலும் சத்தியம் வாங்குகிறார்கள். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து, பிடிக்காதவருக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற தாய்மார்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அம்மா! திருட்டுக்குத் துணைபோவதற்காக வாங்கிய சத்தியம் எவரையும் கட்டாது. அதை மீறினதனால் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வராது. இதை நான் மாத்திரம் சொல்லவில்லை. 1951ஆம் வருஷத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஓட்டரை நம்பச் செய்வதைத் தேர்தல் முறைகேடு என்றே சொல்லுகிறது. அது ருஜுவானால் ஜெயித்தவரின் தேர்தலே ரத்தாகும். அதே பிரிவின்படி மதத்தின் பேரிலும் ஜாதியின் பேரிலும் ஓட்டுக் கேட்பதும் முறைகேடுதான். வேட்பாளரின் மதம் மாத்திரமல்ல, ஓட்டரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017ஆம் வருஷம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே "முறைகேடு" என்பது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வார்த்தை.

இரண்டாவது வார்த்தை "இரகசிய ஓட்டு." நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த ஊர்ப் பண்ணையாருக்கும் அதிகாரமில்லை, கட்டின புருஷனுக்கும் அதிகாரமில்லை, தேர்தல் வழக்கில் கோர்ட்டுக்குங்கூட அதிகாரமில்லை என்று அதே சட்டத்தின் 94ஆவது பிரிவு எழுதி வைத்திருக்கிறது. மூன்றாவது, "டெண்டர் ஓட்டு" என்பது. நீங்கள் சாவடிக்குப் போவதற்கு முன்னமேயே யாரோ ஒருவன் உங்கள் பெயரில் ஓட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டால், தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். நான்தான் உண்மையான ஆள் என்பதற்கு அத்தாட்சி காட்டி, டெண்டர் ஓட்டுச் சீட்டு கொடுங்கள் என்று கேட்டால் அதிகாரி கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு வார்த்தை தெரியாததனால் எத்தனை பேர் வாய் மூடித் திரும்பி இருக்கிறார்கள்!

இந்த ஓட்டு நமக்கு ஏதோ ஆதிகாலந்தொட்டு இருந்து வருவதாகச் சிலர் பெருமை பேசுகிறார்கள். சோழர் காலத்திலேயே குடவோலைத் தேர்தல் இருந்தது, உலகத்துக்கே நாம்தான் ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தோம் என்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு இருப்பது உண்மை. முதல் பராந்தகன் காலத்தது என்பதும் உண்மை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 921ஆம் வருஷத்திய கல்வெட்டின்படி, சபைக்கு வருகிறவருக்கு 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டுகிற சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் செய்தார்கள். தோழர்களே, இதற்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். தேர்தல் என்று பெயரல்ல. நம் மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் யார்? குடம்! அங்கே உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பறையடித்தவனுக்கும் என்ன இடம்? பெண்களுக்கு என்ன இடம்? பழம்பெருமை பேசுவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் சீட்டுக் குலுக்கினதைத் தேர்தல் என்று சொல்லிவிட்டால், தேர்தல் என்கிற வார்த்தையே கெட்டுப்போகும்.

சென்னை மாகாணத்தில் 1920ஆம் வருஷம் நடந்த சட்டசபைத் தேர்தலில் சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்குந்தான் பெரும்பாலும் ஓட்டு. பெண்களுக்கு அப்போது இல்லை. 1921ஆம் வருஷம் இந்தச் சட்டசபைதான் தீர்மானம் போட்டு அதைத் திறந்துவிட்டது. அதிலும் சொத்துள்ள பெண்களுக்கே வழி. இலங்கையில் 1931ஆம் வருஷத்திலேயே வயது வந்தவர் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. இந்தியாவில் 1950ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தினால்தான் 21 வயதானவர் எல்லாருக்கும் கிடைத்தது. 1989ஆம் வருஷம் அது 18 ஆயிற்று. ஆகவே இது பாட்டன் சொத்தல்ல, புதிதாகச் சம்பாதித்தது. புதிதாகச் சம்பாதித்ததைத்தான் ஏமாற்றிப் பறிப்பது சுலபம்.

பறிபோனதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1951-52ஆம் வருஷத்து முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, முக்கியமாக வடநாட்டில், பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மாத்திரம் சொன்னார்கள். பெயர் இல்லாதவர்களைப் பட்டியலில் வைத்துக்கொள்ள முடியாதென்று சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கிவிட்டார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று நம் பக்கத்தில் ஒரு மூட வழக்கம் இருந்ததைப் போல, அங்கே தன் பெயரைச் சொல்லுவதே கூச்சம். ஒரு பெயரைச் சொல்லாததனால் 28 லட்சம் ஓட்டு போயிற்று. வார்த்தையில் என்ன இருக்கிறது என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

அடுத்தபடியாகப் பெரும்பான்மை. ஜெயித்தவரைப் பெரும்பான்மை மக்கள் விரும்பினார்கள் என்று மேடையில் சொல்கிறார்கள். நூறு ஓட்டில் ஒருவருக்கு 34, மற்ற இருவருக்கு 33 வீதம் விழுந்தால் 34 வாங்கினவர் ஜெயித்தவர். 66 பேர் அவரை வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பெற்றது அதிக ஓட்டே தவிர பெரும்பான்மை அல்ல. மந்திரிசபை அமைப்பதற்கோ பாதிக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 இடம். 118 பேர் ஆதரவு இருந்தால்தான் பெரும்பான்மை. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1952ஆம் வருஷமே சாட்சி. சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு வந்தது 152. பெரிய கட்சி அதுதான். ஆனால் பெரும்பான்மை இல்லை. அப்படியிருக்க, தேர்தலில் நிற்காத ராஜகோபாலாச்சாரியாரை கவர்னர் மேல்சபைக்கு நியமனம் செய்தார்; அவரே முதன் மந்திரியானார். பிறர் ஆதரவைச் சேர்த்துக்கொண்டு மந்திரிசபையை நடத்தினார். இங்கே "நியமனம்" என்கிற வார்த்தைக்கு நம் மூன்று கேள்வியையும் போடுங்கள். அதிகாரம் யாருக்கு? முதன் மந்திரிக்கு. அவரைச் சபைக்குள் கொண்டுவந்தவர் யார்? ஓட்டரல்ல, கவர்னர். கவர்னரை அனுப்பினவர் யார்? டில்லி. நம் கையில் இருக்க வேண்டிய கயிறு எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்!

டெபாசிட் போயிற்று என்று கேலி செய்கிறோமே, அதுவும் ஒரு கணக்கு. சட்டசபைக்கு நிற்பவர் 10,000 ரூபாயும், பார்லிமெண்டுக்கு நிற்பவர் 25,000 ரூபாயும் கட்ட வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது. நோட்டா என்பது 2013ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் வந்தது. நிற்பவர் எவரும் எனக்கு வேண்டாம் என்று சொல்ல அது ஒரு பொத்தான். ஆனால் சட்டசபைத் தேர்தலிலும் பார்லிமெண்டுத் தேர்தலிலும் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் யார் முதலோ அவர்தான் ஜெயித்தவர். ஆகையால் அது கோபத்தைக் காட்டுகிற பொத்தானே ஒழிய, ஆளைத் தடுக்கிற பொத்தான் அல்ல. தெரிந்து அமுக்குங்கள்.

தோழர்களே! இனி நான் சொல்லப் போவது சிரித்துக்கொண்டு கேட்கிற விஷயமல்ல. தனித்தொகுதி என்கிற வார்த்தைக்கு ஊரில் சொல்லிக்கொள்ளும் அர்த்தம் என்ன? "இந்த ஊரை அவர்களுக்கு எழுதி வைத்துவிட்டார்கள், இனி நமக்கு இங்கே ஓட்டும் இல்லை, உரிமையும் இல்லை" என்பது. இது முழுப் பொய். தனித்தொகுதியில் ஓட்டு எல்லா ஜாதியாருக்கும் உண்டு. நிற்பவர் மாத்திரம் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர் மாத்திரமே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பெயர். 1932ஆம் வருஷம் ஆகஸ்டில் பிரிட்டிஷ் சர்க்கார் அதைக் கொடுத்தார்கள்; காந்தியார் பட்டினி கிடந்தார்; செப்டம்பர் 24ந் தேதி பூனா ஒப்பந்தம் ஆயிற்று. மாகாணச் சபைகளில் 71 ஆக இருந்த இடம் 148 ஆயிற்று. ஆனால் முடிவாகத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு எல்லாருக்கும் பொதுவாயிற்று. ஆகவே கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் தாழ்த்தப்பட்டோருக்கு 44 இடமும் பழங்குடியினருக்கு 2 இடமும் ஒதுக்கியிருப்பது இந்தப் பொது ஓட்டு முறையில்தான். அதாவது அந்த இடங்களில் யார் ஜெயிப்பது என்பதில் மற்ற ஜாதியாரின் ஓட்டுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த உண்மையை ஊர் ஊராகச் சொல்லாமல் விட்டதன் பலன் என்ன? ஜாதித் திமிருக்கு ஒரு பொய்யான காரணம் அகப்பட்டது. 1996ஆம் வருஷம் மதுரை ஜில்லா மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. அதில் ஜெயித்த முருகேசன் என்பவரும் அவருடனிருந்தவர்களும் 1997ஆம் வருஷம் ஜூன் 30ந் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஜில்லாவில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கீட்டுக்குப் பிறகு பத்து வருஷ காலம் தலைவர் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. 2006ஆம் வருஷந்தான் ஒழுங்கான தேர்தல் நடந்தது. அர்த்தம் தெரிந்திருந்தால் கொலைகாரன் அரிவாளைக் கீழே போட்டிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் பின்னால் நின்று தலையாட்டின கூட்டம் அவ்வளவு பெரிதாய் இருந்திருக்காது. ஜாதி நோய்க்கு வார்த்தை மருந்தாகாது. பொய் அர்த்தம் மாத்திரம் அந்த நோய்க்குப் பால் வார்க்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை, கிராம சபை. இதைப் பஞ்சாயத்துத் தலைவரும் மெம்பர்களும் கூடுகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். பல பேர் அதற்குங்கூடப் போவதில்லை. தோழர்களே, ஊராட்சியின் ஓட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் மெம்பர். எந்தத் தேர்தலிலும் நிற்காமலே, ஒரு காசு செலவழிக்காமலே நீங்கள் மெம்பர்! தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அதைக் கூட்டுவது வழக்கம். 2022ஆம் வருஷம் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாள்களும் சேர்க்கப்பட்டன. வரவு என்ன, செலவு என்ன, பயனாளிப் பட்டியலில் இன்னார் பெயர் எப்படி வந்தது, குடிசையில் இருக்கிற இன்னாருடைய பெயர் ஏன் வரவில்லை என்று எழுந்து கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. கேட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் தீர்மானம் எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் போடாதீர்கள். மூன்று கேள்விக்கும் "நாம்" என்று பதில் சொல்லக்கூடிய வார்த்தை அரசியலில் அபூர்வம். கிராம சபை அப்படிப்பட்ட வார்த்தை. அதனால்தான் அதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் என்ன செய்யலாம்? இந்தப் படிப்பகத்தில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். தினம் ஒரு அரசியல் வார்த்தையைப் பத்திரிகையிலிருந்து எடுத்து எழுதுங்கள். கொறடா, பட்ஜெட், வேட்புமனு, பிரமாணப் பத்திரம், ஒத்திவைப்புத் தீர்மானம் என்று எதுவானாலும் சரி. அதன் கீழே மூன்று கேள்வியையும் எழுதி, மாலையில் கூடிப் பதில் தேடுங்கள். எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். பெண்களைத் தனியே உட்கார வைக்காமல் அவர்களையும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தேர்தல் வந்தால், வேட்பாளர்கள் தங்கள் சொத்தையும் கடனையும் தங்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளையும் எழுதிக் கொடுத்திருக்கும் பிரமாணப் பத்திரத்தை வாங்கி வந்து சத்தமாகப் படியுங்கள். வருஷம் ஒன்று போனால் முந்நூறு வார்த்தைகள் உங்கள் கையில் இருக்கும். அந்த முந்நூறையும் தெரிந்த ஓர் ஊரில் ஓட்டுத் தரகன் வந்து இறங்கினால், அவன் பேசுவதற்கு வார்த்தை மிஞ்சாது.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சட்டப் புத்தகத்தைப் பாருங்கள், அதிகாரியைக் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால் அர்த்தம் தெரியாத ஒரு வார்த்தைக்குக் கைதட்டுவதையும், அர்த்தம் தெரியாத ஒரு தாளில் கைநாட்டு வைப்பதையும் இன்றோடு நிறுத்திவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.